கார் பெயிண்ட்டுக்கு மெஷின் பாலிஷ்: புதிதாகப் பழகுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டிலேயே மெஷின் வாங்கிக் காருக்குப் பாலிஷ் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்குபவர்களுக்கு வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது என்பதால் வரிசையாகப் படித்துவிடுங்கள்.

பாலிஷ், வேக்ஸ் ரெண்டும் ஒண்ணுதானே? கடையில ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க.

இல்லை. வேக்ஸ் மேலே பூசுவது, பாலிஷ் சீவி எடுப்பது. பாலிஷுக்குள் மிக நுண்ணிய அரைக்கும் துகள்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. உப்புத்தாள் செய்கிற அதே வேலையைத்தான் அவை கண்ணுக்குத் தெரியாத அளவில் செய்கின்றன. கீறலைச் சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டம் வரை இறக்கினால் கீறல் இல்லாமல் போகும். அவ்வளவுதான் விஷயம்.

காம்பவுண்ட் என்பது கொஞ்சம் முரட்டுத் துகள் உள்ள பாலிஷ். வேக்ஸ், சீலன்ட், செராமிக் மூன்றும் பாதுகாப்புப் பூச்சுகள். அவை எதையும் அரைக்காது. ‘பாலிஷ் வேக்ஸ்’ என்று ஒரே டப்பாவில் வருவது இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும்.

வெயில்ல பார்த்தா பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி கோடு. எங்கிருந்து வந்துச்சு?

துடைத்ததில் வந்தது. அபார்ட்மென்ட்டில் மாசச் சம்பளத்துக்குக் கார் துடைப்பவர் ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டி துடைப்பார். பத்தாவது வண்டிக்கு வரும்போது அந்தத் துணியில் இருப்பது மணல்தான். தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் தட்டுவது, பனியன் வேஸ்ட்டால் தேய்ப்பது, வாட்டர் சர்வீஸில் எல்லா வண்டிக்கும் ஒரே பிரஷ் போடுவது எல்லாமே இதே வேலையைச் செய்கின்றன.

கோடுகள் உண்மையில் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் சின்னச் சின்னக் கீறல்கள் இருக்கும். வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வலை பின்னியது போலத் தெரிகிறது. மெஷின் வாங்குவதற்கு முன்னால் இந்தத் துடைப்பை நிறுத்துங்கள். நிறுத்தாமல் பாலிஷ் போட்டால் ஒரே மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், பெயிண்ட் குறைந்ததுதான் மிச்சம்.

ஒரு தடவை மெஷின் போட்டா எவ்வளவு பெயிண்ட் போகும்? எத்தனை தடவை பண்ணலாம்?

தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்காக இருக்கிறது. மொத்தமும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 90 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் தொடப்போவது கிளியர் கோட்டை மட்டும். அது சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுகூட இல்லை.

மென்மையான பாலிஷ் ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும். காம்பவுண்ட் 2 முதல் 4 மைக்ரான் வரை எடுக்கலாம். உப்புத்தாள் போட்டால் இன்னும் அதிகம். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது இந்த அடுக்குதான். பாதிக்கு மேல் தின்றுவிட்டால் சில வருடங்களில் தோல் உரிவது போல உரியும். காரின் ஆயுள் முழுவதற்கும் 8 மைக்ரான் செலவு செய்யலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் திட்டமிட்டால் நான்கைந்து மென்மையான பாலிஷ் அதில் அடங்கும். வருடா வருடம் சர்வீஸில் ‘ரப்பிங் அண்ட் பாலிஷிங்’ சேர்த்துவிடுவது வீண் செலவு, பணத்தில் மட்டும் அல்ல.

கையாலேயே தேய்ச்சா வராதா?

கைப்பிடிக் குழியில் நகம் பட்ட கீறல், ஒரு விரல் நீளக் கோடு போன்றவற்றுக்கு வரும். முழுக் காருக்கு வராது. கை எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் தராது, நிமிடத்துக்குச் சில ஆயிரம் அசைவும் தராது.

டிஏ மெஷினா, ரோட்டரியா? ரோட்டரி விலை ரொம்பக் கம்மியா இருக்கே.

ரோட்டரியில் பேட், அதாவது பாலிஷைத் தேய்க்கும் மெத்தை வட்டு, ஓர் அச்சில் நேராகச் சுற்றும். எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும். ஒரே இடத்தில் மூன்று நான்கு நொடி தங்கிவிட்டால் விளிம்பில் கிளியர் கோட் போய்விடும். டிஏ, அதாவது டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுற்றிக்கொண்டே நடுங்கவும் செய்யும். அழுத்தம் மிஞ்சினால் சுற்றுவது தானாக நின்றுவிடும். பழகுபவருக்கு இந்தக் குறைதான் காப்பு. சந்தேகமே வேண்டாம், டிஏ வாங்குங்கள்.

பெட்டியில் 8, 15, 21 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பது அந்த நடுக்கத்தின் வீச்சு. 21 மிமீ பெரிய எஸ்யூவியின் தட்டையான கதவுகளுக்கு வேகமாக வேலை செய்யும். ஹேட்ச்பேக்கின் வளைவுகளில் தடுமாறும். ஒரே மெஷின்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் 15 மிமீ, பேட்டை ஒட்டும் தட்டு (பேக்கிங் பிளேட்) 5 அங்குலம். 8 மிமீ மெதுவானது, ஆனால் வளைவுகளில் நன்றாக ஒட்டி ஓடும். வாங்கும்போது கையில் பிடித்து ஓட்டிப் பாருங்கள். ஆறு நிலை வேகக் கட்டுப்பாடும், ஸ்விட்ச் போட்டதும் குதிக்காமல் மெதுவாக வேகம் பிடிப்பதும் இருக்க வேண்டும்.

வீட்டுல ஏற்கெனவே ஆங்கிள் கிரைண்டர் இருக்கு. அதுல பேட் மாட்டிக்கலாமா?

வேண்டாம். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். பாலிஷுக்கு ரோட்டரியில்கூட 1,000 முதல் 2,000 சுற்றுதான் வழக்கம். பேட் பிய்ந்து முகத்தில் அடிக்கும், அதற்கு முன்னால் பெயிண்ட் கருகியிருக்கும். டிரில்லில் மாட்டும் சின்ன பேட் ஹெட்லைட்டுக்குச் சரி. பானெட்டுக்கு அது கட்டுப்பாடில்லாத ரோட்டரி.

மெஷின் தவிர என்னென்ன வேணும்?

நடுத்தர ஃபோம் பேட் மூன்று, மென்மையான ஃபோம் பேட் இரண்டு, வெட்டும் பேட் ஒன்று. நடுத்தர பாலிஷ் ஒரு 250 மில்லி பாட்டில். ஹேட்ச்பேக் ஒன்றுக்கு அது தாராளம்: ஒன்றரை அடிச் சதுரமாகப் பிரித்தால் சுமார் 40 சதுரம் வரும், ஒரு சதுரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லி போதும். காம்பவுண்டை இப்போதே வாங்காதீர்கள். தேவையா என்று பிறகு தெரியும்.

இவற்றோடு விளிம்பு தையல் இல்லாத மைக்ரோஃபைபர் துணி பத்துப் பன்னிரண்டு, கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி), கார் ஷாம்பு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மாஸ்கிங் டேப், பேட் சுத்தம் செய்ய நைலான் பிரஷ், நல்ல எல்இடி டார்ச். செல்போன் சர்வீஸ் கடைகளில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் அந்த ஆல்கஹால் கிடைக்கும். கண்ணாடியும் மாஸ்க்கும் போடுங்கள். மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் மூன்றையும் கழற்றிவிடுங்கள். பானெட் மேல் சாயும்போது புதுக் கீறல் அவற்றால்தான் வரும்.

பேட் கலர் வச்சுத் தேர்ந்தெடுக்கலாமா? ஆரஞ்சுன்னா கட்டிங்தானே?

ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் வெள்ளை. நிறத்துக்குப் பொது விதி இல்லை. பேட்டின் பின்னாலோ அட்டையிலோ என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பிறகு விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்காத ஃபோம் வெட்டும், பஞ்சுபோல் அமுங்குவது கடைசி மெருகுக்கான ஃபினிஷிங் பேட். உல்லன் பேடும் மைக்ரோஃபைபர் பேடும் எந்த ஃபோமைவிடவும் அதிகம் வெட்டும். முதல் காருக்கு இரண்டும் வேண்டாம்.

கழுவிக் காய வச்சிட்டேன். நேரா மெஷின் வச்சிடலாமா?

முதலில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுப் பானெட்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் கழுவிப் போகாத அழுக்கு ஒட்டியிருக்கிறது: தார், மரப் பால், பிரேக் தூசி. ரயில் பாதைக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் இரும்புத் துகள் அதிகம். அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதாவாக ஒழுகும். அதன் பிறகு ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக அடித்துக்கொண்டு கிளே பாரை அழுத்தாமல் நகர்த்துங்கள். இந்தப் படியைத் தாண்டினால் அந்தத் துகள்கள் பேட்டில் மாட்டிக்கொண்டு நீங்களே கீறல் போடுவீர்கள்.

கிளே கை தவறித் தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவி எடுக்க முடியாது. அதனால்தான் முழுக் கட்டியையும் எடுக்காமல் நான்காகக் கிள்ளி வைத்துக்கொள்ளச் சொல்வது.

எங்க ஏரியாவில போர் தண்ணிதான். வெள்ளை வெள்ளையா புள்ளி விழுந்திருக்கு, பாலிஷ்ல போகுமா?

புள்ளி இரண்டு வகை. விரலில் தட்டுப்படுவது தண்ணீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பு உப்பு. அதை அரைத்து எடுக்க வேண்டியதில்லை, கரைத்து எடுக்கலாம்: வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து, நிழலில் குளிர்ந்திருக்கும் பரப்பின் மேல் ஒரு நிமிடம் வைத்துத் துடையுங்கள், உடனே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். போகாத இடத்துக்கு வாட்டர் ஸ்பாட் ரிமூவர்.

உப்பு போன பிறகும் வளையம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தால் கிளியர் கோட் அரித்துவிட்டது. அது இரண்டாம் வகை. மேலோட்டமான அரிப்பு பாலிஷில் போகும், ஆழமானது மங்கலாகக் குறையும், அதோடு விட்டுவிடுங்கள். பறவை எச்சம் போட்ட தடமும் இதே கணக்குதான். கடைசியாகக் கழுவும் ஒரு வாளி மட்டுமாவது ஆர்ஓ தண்ணீரோ மழைத்தண்ணீரோ இருந்தால் இந்தக் கேள்வியே திரும்ப வராது.

முதல்ல எந்த இடத்துல ஆரம்பிக்கிறது? எந்த பாலிஷ் சரிப்படும்னு எப்படித் தெரியும்?

பானெட்டின் ஓரத்தில் டேப் ஒட்டி ஒன்றரை அடிச் சதுரம் ஒன்று கட்டுங்கள். இதுதான் சோதனைச் சதுரம். கையில் இருப்பதிலேயே மென்மையான பாலிஷும் மென்மையான பேடும் போட்டு ஆரம்பியுங்கள். துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். போதவில்லையா, பாலிஷை மாற்றாமல் பேட்டை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். அதுவும் போதவில்லையென்றால்தான் காம்பவுண்ட். பத்தில் எட்டுக் கீறல் போனால் அந்தக் கூட்டணியே முழுக் காருக்கும். மீதி இரண்டையும் துரத்திப் போனால் அதற்கான விலை மேலே சொன்ன 8 மைக்ரானிலிருந்துதான் போகும்.

பொதுவாக ஜப்பானியக் கம்பெனி கார்களின் கிளியர் கோட் மென்மை, ஜெர்மன் கம்பெனிகளுடையது கடினம் என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் உங்கள் காருக்கான பதிலை அந்தச் சதுரம்தான் சொல்லும். ட்யூப்லைட் வெளிச்சத்தை நம்பாதீர்கள், அது எல்லாக் கீறலையும் மறைத்துவிடும்.

சரி, மெஷினை எப்படி ஓட்டணும்? ஒவ்வொண்ணா சொல்லுங்க.

புதுப் பேட்டாக இருந்தால் முகம் முழுவதும் பாலிஷை மெல்லிசாகத் தடவி ஊறவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவு நான்கு சொட்டு. மெஷின் நின்றிருக்கும்போதே பேட்டால் ஐந்தாறு இடத்தில் ஒற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஸ்விட்ச் போட்டதும் சட்டை முழுக்கப் பாலிஷ். பரப்பின் மேல் வைத்த பிறகே ஆன் செய்வது, ஆஃப் செய்து நின்ற பிறகே தூக்குவது.

ஒன்றாம் வேகத்தில் சதுரம் முழுக்கப் பரப்பிவிட்டு நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். ஓர் அடி தூரத்தைக் கடக்க எட்டு நொடி. இந்த வேகம் முதலில் அநியாயத்துக்கு மெதுவாகத் தோன்றும். கை தானாக வேகம் எடுக்கும், விடாதீர்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். இடமிருந்து வலமாகச் சதுரம் முழுக்க ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை, மறுபடி அதே இரண்டு. மொத்தம் நான்கு முறை. கடைசி முறையில் அழுத்தத்தைக் குறைத்து மெஷின் எடையில் மட்டும் ஓடவிடுங்கள்.

எவ்வளவு அழுத்துவது என்பதை வார்த்தையில் சொல்வதைவிட, வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் ஆஃப் செய்த பாலிஷரை வைத்து அமுக்கிப் பாருங்கள். முள் 4, 5 கிலோவில் நிற்கிற அழுத்தம் போதும். அந்த அழுத்தத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். முடிந்ததும் மைக்ரோஃபைபரால் துடைத்து, பேட்டைப் பிரஷால் சுரண்டிவிட்டு அடுத்த சதுரம். அடுத்தது முந்தையதில் இரண்டு அங்குலமாவது ஏறி நிற்கட்டும். இரண்டு கதவுக்கு ஒரு முறை வேறு பேட். ஒரு சதுரத்துக்குத் துடைப்பதோடு சேர்த்து ஆறேழு நிமிடம் ஆகும், ஆகவே முதல் கார் ஒரு சனி ஞாயிறு முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

பேட் சுத்தவே மாட்டேங்குது, சும்மா அதிருது. மெஷின் கோளாறா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கும். பேட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அல்லது அழுத்தம் மிஞ்சியிருக்கும், அல்லது வளைவில் ஓரம் மட்டும் பட்டிருக்கும். பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுற்றாத டிஏ ஏறக்குறைய எதையுமே வெட்டாது. மணிக்கணக்காக ஓட்டியும் கீறல் போகவில்லை என்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் பாலிஷில் இல்லை, இதில்தான்.

பாலிஷ் பவுடரா கொட்டுது. சில இடத்துல காஞ்சு ஒட்டிக்கிட்டு துடைக்கவே வரல.

பவுடர் கொட்டினால் பேட் காய்ந்திருக்கிறது, அல்லது பழைய பாலிஷும் அரைபட்ட பெயிண்ட்டும் பேட்டில் அடைத்திருக்கிறது, அல்லது வேலை முடிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பேட்டைச் சுத்தம் செய்து ஒரே ஒரு பீச்சு தண்ணீர் அடித்து ஓட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் பரப்பு சூடு, அல்லது பாலிஷ் அதிகம். ஒட்டிய இடத்தைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள்; அதன் மேலேயே ஒரு சொட்டுப் புதுப் பாலிஷ் வைத்துச் சில நொடி ஓட்டினால் இளகிவிடும்.

வாசல்லதான் வண்டி நிக்கும். வெயில்ல பண்ணினா என்ன?

மே மாதத்துக் கத்திரி வெயிலில் கறுப்புப் பானெட் தொட முடியாத அளவுக்குக் காயும். சூட்டில் கிளியர் கோட் இளகும், பாலிஷ் நொடியில் காயும், எவ்வளவு வெட்டுகிறது என்பது கையை விட்டுப் போகும். புறங்கையை வைத்துப் பத்து நொடி சும்மா வைத்திருக்க முடிந்தால் வேலை செய்யலாம். விடியற்காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். பேஸ்மென்ட் பார்க்கிங் இன்னும் நல்லது, தூசி குறைவு. பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால் அன்றைக்கு ஒத்திப் போடுங்கள். ஒரு மணல் பேட்டில் சிக்கினால் போதும்.

கரண்ட் போனா இன்வெர்டர்ல ஓட்டலாமா?

டிஏ மெஷின்கள் 700 முதல் 900 வாட் இழுக்கும். விளக்கு, ஃபேனுக்கு வைத்த வீட்டு இன்வெர்டர் தாங்காது. எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும், சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடேறும். ஒயரைத் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். பெயிண்ட் மேல் இழுபட்டால் அதுவும் கீறும்.

விளிம்புக்கெல்லாம் டேப் ஒட்டச் சொல்றாங்க. டிஏதானே, அவசியமா?

அவசியம். பெயிண்ட் அடித்த அன்றே மடிப்புகளிலும் விளிம்புகளிலும் அது மெல்லிசாகத்தான் நிற்கும், ஈரமாக இருக்கும்போது இரு பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடுவதால். பேட்டின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழும். கதவின் நடுவே ஓடும் கூர்மையான மடிப்பு, பானெட் விளிம்பு, ஃபெண்டர் வளைவு, மூன்றையும் டேப்பால் மூடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ இவற்றையும் மூடுங்கள். காய்ந்த பாலிஷ் ஏறினால் சொரசொரப்பான பிளாஸ்டிக்கிலிருந்து வெள்ளை போகவே போகாது. டேப்பை எடுத்த பிறகு அந்தக் கோட்டைக் கையால் மெதுவாக நான்கு இழுப்பு இழுத்தால் போதும்.

பாலிஷ் பண்ணின அன்னைக்கு கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ரெண்டு வாஷ்ல கோடெல்லாம் திரும்ப வந்துடுச்சே?

கோடு திரும்ப வரவில்லை, போகவே இல்லை. சில பாலிஷ்களில் இருக்கும் எண்ணெயும் நிரப்பிகளும் கீறலுக்குள் உட்கார்ந்து மறைத்துவிடும். டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் வண்டி பளபளப்பதும் இதே வித்தைதான். கூடுதலாகத் தூசியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ரப்பரையும் கெடுக்கும்.

ஏமாறாமல் இருக்க வழி: 99 சதவீத ஐபிஏ ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வையுங்கள். சோதனைச் சதுரத்தில் பாலிஷைத் துடைத்த பிறகு இதை அடித்து இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். அப்போது தெரிவதுதான் உண்மை. கலக்காத ஐபிஏ வேண்டாம், மென்மையான கிளியர் கோட்டை அது ஊத வைக்கும்.

கறுப்பு கார். கீறல் போயிடுச்சு, ஆனா பால் ஊத்தின மாதிரி மங்கலா இருக்கு.

வெட்டும் பேட் தன் தடத்தை விட்டிருக்கிறது. பெரிய கீறலை எடுத்துவிட்டு ஆயிரக்கணக்கான குட்டிக் கீறல் போட்டிருக்கிறது. வெள்ளைக் காரிலும் இது இருக்கும், ஆனால் தெரியாது. மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ், மூன்றாம் வேகம், அழுத்தமே இல்லாமல் மூன்று முறை ஓட்டினால் கருமை திரும்பும். முதல் சுற்றில் ஓட்டிய பேட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், கழுவியிருந்தாலும்.

வெயிலில் வானவில் போல நெளியும் பட்டைகள் தெரிந்தால் அது ரோட்டரி விட்டுப்போன ஹோலோகிராம். கடையில் பாலிஷ் போட்டு வந்த வண்டிகளில் சகஜம். அதற்கும் மருந்து இதே ஃபினிஷிங் சுற்றுதான்.

ஒரு கீறல்ல நகம் மாட்டுது. காம்பவுண்ட் வச்சு அழுத்தினா போயிடுமா?

நகம் மாட்டினால் கிளியர் கோட்டின் பெரும்பகுதியைத் தாண்டியிருக்கிறது. அதை மட்டமாக்கும் அளவு சுற்றிலும் சீவினால் அங்கே கிளியர் கோட்டே மிஞ்சாது. கீறலின் கூர்மையான விளிம்பை மட்டும் மழுக்குங்கள். வெளிச்சம் அதில் பட்டு மின்னுவது நின்றாலே பாதி மறைந்துவிடும். உள்ளே வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் அது பிரைமர், டச்-அப் பெயிண்ட்தான் வழி. தகடு தெரிந்தால் தாமதிக்காதீர்கள், கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும் துரு பிடிக்க.

ஐயோ, பேட்ல கார் கலர் ஒட்டியிருக்கு! பெயிண்ட் போயிடுச்சா?

உடனே நிறுத்துங்கள், ஆனால் பதறாதீர்கள். கிளியர் கோட் இல்லாத, நிறமே மேலடுக்காக இருக்கும் பெயிண்ட்டும் உண்டு. பழைய அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளில் அதுதான் வழக்கம். அதில் நிறம் ஒட்டுவது இயல்பு. ஒதுக்கமான இடத்தில் வெள்ளைத் துணியில் துளிப் பாலிஷ் வைத்துக் கையால் தேய்த்துப் பாருங்கள். அங்கேயும் நிறம் வந்தால் உங்கள் பெயிண்ட்டே அப்படி.

கையால் தேய்த்த இடத்தில் நிறம் வராமல், மெஷின் ஓடிய ஓர் இடத்தில் மட்டும் வந்தால் கிளியர் கோட் அங்கே தீர்ந்துவிட்டது. சுற்றிலும் மங்கலான ஒரு வரம்புக் கோடும் தெரியும். பாலிஷால் இதைச் சரிசெய்ய முடியாது.

டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிச்ச கதவு ஒண்ணு இருக்கு. அதுக்கும் இதே முறையா? பம்பருக்கும்?

அந்தக் கதவில் தனியாகச் சோதனைச் சதுரம் போடுங்கள், வேறு காராக நினைத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயிண்ட் பெரும்பாலும் கம்பெனிப் பெயிண்ட்டைவிட மென்மை, தடிமனும் இடத்துக்கு இடம் மாறும். தடிமன் அளக்கும் கேஜ் கிடைத்தால் வைத்துப் பாருங்கள்: 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் மறுபடி அடித்தது, 500க்கு மேல் போனால் அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி இருக்கிறது. ஆனால் கேஜ் காட்டுவது எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தம். கிளியர் கோட் எவ்வளவு என்று அது சொல்லாது. 300 காட்டுகிறதே என்று தைரியமாக வெட்டினால் அதில் 270 பட்டியும் பிரைமருமாக இருக்கலாம்.

பம்பர் பிளாஸ்டிக். சூடு தகட்டில் பரவுவது போல அதில் பரவாமல் ஒரே இடத்தில் தங்கும். வேகத்தை ஒரு நிலை குறையுங்கள், சதுரத்தைச் சிறிதாக்குங்கள். சாதாரணக் கேஜ் பிளாஸ்டிக் மேல் வேலை செய்யாது.

ஷோரூம்ல டெஃப்லான் கோட்டிங் போட்டிருக்கேன். பாலிஷ் பண்ணினா அது போயிடாதா?

போய்விடும், செராமிக்கும் அப்படித்தான். எந்தப் பூச்சு பெயிண்ட் மேல் இருந்தாலும் பாலிஷ் முதலில் அதைத்தான் சீவும். டெஃப்லானுக்காக ரொம்ப வருத்தப்பட வேண்டாம். தோசைக்கல்லில் இருக்கும் டெஃப்லான் 327 டிகிரியில்தான் உருகும். அதைவிட அதிகச் சூட்டில் வேக வைத்துத்தான் கல்லில் ஒட்ட வைக்கிறார்கள். கார் பெயிண்ட்டை அப்படி வேக வைக்க முடியாது. அந்தப் பெயரில் போடுவது பெரும்பாலும் சில மாதம் நிற்கும் ஒரு சீலன்ட்.

செராமிக் உண்மையிலேயே போட்டிருந்து இன்னும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டால், கீறல் ரொம்ப உறுத்தாதவரை பாலிஷைத் தள்ளிப் போடுங்கள்.

மேட் ஃபினிஷ், ஸ்டிக்கர், ஹெட்லைட், கண்ணாடி இதுக்கெல்லாம்?

மேட் பெயிண்ட்டை மெஷின் தொடவே கூடாது, அங்கங்கே பளபளத்துப் போகும், திரும்பாது. வினைல் ஸ்டிக்கருக்கும் வேண்டாம். ஹெட்லைட்டின் மஞ்சளைப் பாலிஷ் எடுக்கும், கூடவே அதன் புற ஊதாக் காப்பையும் எடுத்துவிடும். மேலே புதிதாகக் காப்புப் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் முன்னைவிட மோசமாகும். கண்ணாடி பெயிண்ட்டைவிட எவ்வளவோ கடினம், அதற்கு சீரியம் ஆக்சைடும் தனி பேடும் வேண்டும்.

முடிச்சாச்சு. அப்புறம் என்ன போடறது, எப்படிக் கழுவறது?

மேலே சொன்ன ஐபிஏ கலவையால் முழுக் காரையும் துடைத்துவிட்டு அன்றே பாதுகாப்புப் பூச்சு போடுங்கள். நம் வெயிலில் கார்னௌபா வேக்ஸ் சில வாரம், சீலன்ட் நான்கைந்து மாதம். முதல் தடவைக்குச் சீலன்ட்டே நல்லது: தவறாகப் போட்டாலும் துடைத்துவிடலாம். செராமிக்கைச் சரியாகத் துடைக்காமல் காயவிட்டால் அதை எடுக்க மறுபடி மெஷின்தான்.

கழுவ இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கழுவும் கையுறை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பு வாளிக்குப் போகட்டும். தினமும் துடைப்பவரிடம் கண்ணாடியும் சக்கரமும் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள், சம்பளத்தைக் குறைக்காமல். குறைத்தால் மறுநாளே பானெட்டைத் துடைத்து வைத்திருப்பார்.

பத்து வருஷ வண்டி. ரூஃப்ல வெள்ளை வெள்ளையா தோல் உரியுது. ஒரு தடவை நல்லா பாலிஷ் போட்டா சரியாகுமா?

ஆகாது. அது கிளியர் கோட் பிரிந்து வருவது. பாலிஷ் எடுக்க மட்டும்தான் செய்யும், இங்கே இல்லாமல் போனது சேர்க்க வேண்டிய பொருள். மெஷின் வைத்தால் பேட்டின் ஓரம் உரிந்த விளிம்பில் மாட்டி இன்னும் கிழிக்கும். உரிந்த இடத்தைச் சுற்றி ஓர் அடி விட்டு டேப் ஒட்டிவிட்டு மற்ற பக்கங்களுக்கு மட்டும் பாலிஷ் போடுங்கள்.

ரூஃபைப் பெயின்டரிடம் கொடுக்கும்போது உரிந்த இடத்துக்கு மட்டும் கிளியர் அடித்துத் தரச் சொல்லாதீர்கள். அவர் ஒப்புக்கொண்டாலும் சுற்றியிருக்கும் பழையது அடுத்த கோடைக்குள் பிரியும், புதியதையும் சேர்த்துத் தூக்கும். பழைய கிளியரை முழுவதும் உப்புத்தாள் போட்டு இறக்கிவிட்டு, ரூஃப் முழுக்க நிறமும் கிளியரும் அடிக்க வேண்டும். அடித்த பிறகு குறைந்தது இரண்டு மாதம் அதன் மேல் வேக்ஸோ செராமிக்கோ போடாதீர்கள், உள்ளே இருக்கும் தின்னர் ஆவி வெளியேற வேண்டும்.